காட்டேரிக்குக் கீழே தார் போட்ட ராத்திரி

மலை ரோட்டில் தார் போட வருஷத்தில் கிடைக்கிற நாட்கள் கொஞ்சம்தான். வடகிழக்கு மழை ஓய்ந்திருக்க வேண்டும், ஊட்டிக்கு சீசன் கூட்டம் ஏறுவதற்குள் முடிக்கவும் வேண்டும். மேட்டுப்பாளையம்–குன்னூர் ரோட்டில், காட்டேரி என்ற ஊருக்குக் கீழே, எங்களுக்குக் கிடைத்தது பிப்ரவரியில் சில ராத்திரிகள், இரவு பத்து முதல் காலை ஐந்து வரை. வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் போக வேண்டுமே, அதனால் ஒரு நேரத்தில் பாதி ரோடுதான் வேலை.

முதல் ராத்திரி பழைய தாரை 40 மில்லிமீட்டர் சுரண்டியதோடு சரி. சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் பள்ளத்துப் பக்கத் தடுப்புச் சுவர் குட்டையாகிவிடும்.

மறுநாள்தான் சோதனை. புதுத் தார் ஒட்டிக்கொள்ள முதலில் பழுப்பாக அடிக்கிற எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) கறுத்த பிறகே, தாரும் ஜல்லியும் சேர்ந்த சூடான கலவையைக் கொட்டலாம். அந்தக் குளிரில் கறுக்கவே மாட்டேன் என்றது. அது கறுத்த நேரத்தில் பனிமூட்டம் இறங்கியது. மூட்டத்திலும், 10 டிகிரிக்குக் கீழே போனாலும் தார் போடக் கூடாது என்பது விதி. அப்போது குளிர் 12. மூட்டம் மட்டும் விலகவில்லை.

என் வேலை தெர்மாமீட்டர். சமவெளியில் இருக்கும் பிளான்ட்டில் 160 டிகிரியில் ஏற்றிய கலவை, அதை ரோட்டில் பரப்புகிற மெஷினான பேவரில் கொட்டும்போது 140க்குக் குறையக் கூடாது. முதல் டிப்பர் வளைவெல்லாம் முக்கி முனகி ஏறி, 148ல் வந்து நின்றது. நின்றபடியே ஒரு மணி நேரம். தார்பாயை விலக்கி மறுபடி குத்திப் பார்த்தேன். நடுவில் 141, ஓரத்தில் 118. ஓரம் கட்டி கட்டியாக இறுகியிருந்தது.

“நடுவுல நல்லாத்தானே இருக்குதுங்க, கலந்து போட்டுரலாம்” என்றார் மேஸ்திரி. அனுபவசாலி, என் அப்பா வயது. ஆனால் அந்தக் கட்டிகள் ரோலருக்கு அமுங்காது. இடுக்கில் தண்ணீர் இறங்கி, அடுத்த மழையிலேயே ஜல்லி பெயரும். லோடைத் திருப்பி அனுப்பினேன். போனில் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஒன்றரை மணிக்கு மூட்டம் விலகியது. அடுத்த லோடுக்கு இரட்டைத் தார்பாய் கட்டச் சொல்லியிருந்தேன்; 151ல் வந்தது. அப்புறம் ஒரே ஓட்டம்தான். பேவர் மேட்டைப் பார்த்து ஏற, ரோலர் அதன் வாலைப் பிடித்தபடி பின்னாலேயே போனது. கலவையின் சூடு 90க்கு இறங்குவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் தாழ்ந்த உள்பக்கத்திலிருந்து தொடங்கி மேல்பக்கம் உருட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் கலவை சரியும். உருளையில் தார் ஒட்டுகிறது என்று ரோலர்க்கார அண்ணன் டீசல் கேனை எடுத்தார். டீசல் தாரையே கரைத்துவிடும். “தண்ணி மட்டும் விடுங்கண்ணா” என்று கேனை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஐந்தேகாலுக்குத் தடுப்பை எடுத்தோம். முதலில் இறங்கி வந்தது மண்டிக்குக் கேரட் மூட்டை ஏற்றிய ஒரு பிக்கப். “போலாமுங்களா?” என்றார் டிரைவர். குனிந்து ரோட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

“போங்கண்ணா. வளைவுல நிறுத்தி ஸ்டியரிங்கை மட்டும் ஒடிச்சுராதீங்க.”