கார்பெட்டை எடுத்துவிட்டு வண்டித் தரைக்குப் பூச்சு போட்ட அனுபவம்

மழைக்காலம் முடிந்ததும் கார் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் கையை விட்டுப் பார்க்க வேண்டும். மேலே தொட்டால் காய்ந்துதான் இருக்கும். அதன் அடியில் ஒட்டியிருக்கும் கனத்த பஞ்சுப் பட்டை வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தண்ணீர் நேராகத் தகட்டின் மீது உட்கார்ந்திருக்கும்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்தபோது, வேளச்சேரிப் பக்கம் எங்கள் தெருவில் நின்ற என் பழைய ஸ்கார்பியோவுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. ஸ்டார்ட் செய்யாமல் இழுவை வண்டியில் ஏற்றி அனுப்பியதால் இன்ஜின் தப்பியது. உள்பக்கத்தை வாக்குவம் வைத்து உறிஞ்சி, ஷாம்பூ போட்டுக் கழுவி, வாசனைத் திரவியம் அடித்துத் தந்தார்கள். பொங்கல் வரையிலும் நாற்றம் போகவில்லை. இருக்கைகளைக் கழற்றிக் கார்பெட்டை முழுதாக வெளியே எடுத்தபோதுதான் காரணம் தெரிந்தது. பஞ்சுப் பட்டையை மடித்து அழுத்தினால் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. சீட் பெல்ட் போல்ட்டைச் சுற்றியும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரங்களிலும் துரு ஆரஞ்சு நிறத்தில் பொங்கி நின்றது.

மறுபடியும் கார்பெட் போடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். பிக்-அப் வண்டிகளின் சரக்குத் தொட்டிக்குப் போடும் பூச்சையே உள்தரைக்கும் போடலாம் என்று தோன்றியது. அதில் இரண்டு வழிகள் உண்டு. லைன்-எக்ஸ் போன்ற நிறுவனங்களின் பூச்சைச் சூடாக்கி, அதிக அழுத்தத்தில், அதற்கென்றே உள்ள இயந்திரத்தால் பீய்ச்சுவார்கள். அது சில நொடிகளில் இறுகிவிடும். நாமே போடக்கூடியது யு-போல் நிறுவனத்தின் ராப்டர் போன்ற பாலியுரேத்தேன் பூச்சு. மூன்று பங்கு பூச்சுக்கு அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் ஒரு பங்கு கலந்து, துப்பாக்கியாலும் அடிக்கலாம், ரோலராலும் உருட்டலாம். நான் ரோலரைத் தேர்ந்தெடுத்தேன். இந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பீய்ச்சும்போது அது மெல்லிய புகையாகக் காற்றில் பரவும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் ஆஸ்துமா வரை இழுத்துச் செல்லும். வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகக்கவசம் இல்லாமல் வீட்டு வாசலில் வைத்து அதைப் பீய்ச்சக் கூடாது. ரோலரால் உருட்டினாலும் கரைப்பான் ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசமும் கையுறையும் கட்டாயம் வேண்டும். துணி முகக்கவசமும் கொரோனா காலத்து முகக்கவசமும் இதற்கு உதவாது.

டப்பாவைத் திறப்பதற்கு முன்பே பெரும்பாலான வேலை முடிந்திருக்க வேண்டும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு வெள்ளம் என்பது தெரிந்த காரணம். ஆனாலும் கார்பெட் இல்லாத நிலையில் ஒருவரைக் கூரை மேல் குழாயால் தண்ணீர் ஊற்றச் சொல்லி, டார்ச் விளக்குடன் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். முன்கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து மெல்லிய கோடாக ஒரு கசிவு இறங்கியது. அது வெள்ளத்துக்கு முன்பிருந்தே வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். அங்குள்ள துரு அவ்வளவு பழையதாக இருந்தது. ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டாலும் முன் இருக்கைக்காரரின் காலடி நனையும். இவற்றைச் சரி செய்யாமல் பூச்சு போட்டால், தண்ணீருக்குப் புதிய தொட்டி கட்டிக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

அடுத்தது தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் தார்ப் பட்டைகள். தகட்டின் அதிர்வைக் குறைக்க ஒட்டப்பட்டவை அவை. ஓரம் தூக்கிக்கொண்டிருந்த இடங்களில் அடியில் ஈரம் புகுந்திருந்ததால் எடுத்தே ஆக வேண்டியிருந்தது. சூடாக்கிச் சுரண்டினால் பிசின்போல இழுத்துக்கொண்டு வரும், எங்கும் ஒட்டும். ஐஸ்கிரீம் கடைகளுக்கு உலர் பனிக்கட்டி கொடுப்பவரிடம் கொஞ்சம் வாங்கி வந்து, பட்டையின் மேல் பரப்பினேன். அது மைனஸ் 78 டிகிரி செல்சியஸ் குளிர். சில நிமிடங்களில் பட்டை இறுகி, சுத்தியலால் லேசாகத் தட்டியதும் பீங்கான் ஓடுபோல உடைந்து துண்டு துண்டாகக் கழன்றது. கனத்த கையுறை வேண்டும், எல்லாக் கதவுகளும் திறந்திருக்க வேண்டும். பனிக்கட்டி கார்பன் டை ஆக்சைடாக மாறி வண்டிக்குள் தேங்கினால் மூச்சு திணறும்.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது ஓட்டுநர் காலடியில் ஓரிடத்தில் ஸ்குரு டிரைவர் முனை மறுபக்கம் போய்விட்டது. டிங்கரிங் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, “இதற்கு மேல் ஃபைபர் துணி வைத்துப் பூச்சு போட்டால் வெளியே தெரியாது சார்” என்றார். “தெரியக் கூடாது என்பதற்காக இந்த வேலையை நான் செய்யவில்லை அண்ணே, வெட்டி எடுத்துவிட்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்துவிடுங்கள்” என்றேன். அவரும் மறுக்காமல் ஒழுங்காகவே செய்து கொடுத்தார். இந்த இடத்தில் எனக்கு மிகவும் அழுத்தமான கருத்து உண்டு. துருவின் மேல் போடும் பூச்சு அதைக் குணப்படுத்தாது, மூடி மறைக்கும். கார்பெட் செய்த அதே வேலையைப் பூச்சும் செய்யும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் தரை முழுதும் புதிதாகப் பூசப்பட்டிருந்தால் மகிழ்ந்துவிடாமல், அடியில் படுத்துக் கீழ்ப்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துருவைச் சுரண்டிய இடங்களில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி தடவி, காயவிட்டு, வெறும் தகடு தெரிந்த இடங்களுக்கு எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்தேன். தகடுகள் சேரும் கோடுகளில் இடைவெளியை அடைக்கும் சீலன்ட் வைத்தேன். பழைய பெயின்ட் நன்றாக இருந்த இடங்களிலும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை எடுத்தாக வேண்டும். வழவழப்பான பெயின்ட்டில் பூச்சு பிடிக்காது. பிறகு ஒரு முனையில் தூக்கினால் தோல்போல உரிந்து வரும். இதற்கெல்லாம் பிறகுதான் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் துடைப்பு.

துடைத்து முடித்ததும் மாஸ்கிங் டேப். இருக்கையும் சீட் பெல்ட்டும் பொருந்தும் துளைகளில் பழைய போல்ட்டுகளை முறுக்கி வைத்தேன். மரைக்குள் பூச்சு புகுந்தால் பிறகு எடுக்க முடியாது. இருக்கையின் கால் உட்காரும் இடத்தில் தடித்த பூச்சு கூடாது. அது நாளடைவில் அமுங்கினால் போல்ட்டின் இறுக்கம் தளரும். உயிரைப் பிடித்து வைக்கும் போல்ட் அது. எர்த் ஒயர் தகட்டைத் தொடும் இடங்களையும், அடியிலுள்ள ரப்பர் மூடிகளையும் மூடினேன். ஓரமாகச் செல்லும் ஒயர் கட்டை மேலே தூக்கிக் கட்டினேன். என் வண்டியில் ஏர்பேக் கிடையாது. இருக்கும் வண்டிகளில் இருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் இணைப்பைத் தொடுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, வண்டியின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். பேட்டரியும் தரையும் ஒன்றாக இருக்கும் மின்சாரக் கார்களில் வீட்டிலேயே இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

பூசும் வேலைக்கு மாசி மாதக் காலை நேரத்தை வைத்துக்கொண்டேன். ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்தால் வாயு உண்டாகும், பூச்சில் குமிழி எழும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் இதைச் செய்ய நினைக்கவே கூடாது. வெயில் ஏறினாலும் சிக்கல். கலந்த பூச்சு குளிர்நாடுகளில் சுமார் ஒரு மணி நேரம் தாங்கும் என்றால், இங்கே அதைவிட விரைவாகக் கெட்டியாகும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். மூலைகளுக்குப் பிரஷ், சமதளத்துக்குச் சொரசொரப்பு ரோலர். முதல் பூச்சு மெல்லியதாகவும் திட்டுத் திட்டாகவும் தெரியும். அதைப் பார்த்து அழுத்தித் தடிமனாக்க வேண்டியதில்லை. இரண்டாவது பூச்சில்தான் ஆரஞ்சுத் தோல் போன்ற அந்தச் சொரசொரப்பு வருகிறது. தொட்டுப் பார்க்க அன்று மாலையே காய்ந்திருந்தது. முழுதாக இறுக ஒரு வாரமாவது விட்டுவிடுவது நல்லது. அதுவரை கண்ணாடிகளைத் திறந்தே வைத்தேன், இருக்கைகளை மாட்டவில்லை.

ஓட்டிப் பார்த்தபோது முதலில் கேட்டது சத்தம். டயரில் தெறிக்கும் ஜல்லி ஒவ்வொன்றும் காதில் விழுந்தது. சித்திரை வெயிலில் கியர் பெட்டிக்கு மேலுள்ள மேடு காலைச் சுட்டது. கார்பெட் சும்மா அழகுக்குப் போட்டதல்ல. அது சத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது. பூச்சு இரண்டையும் செய்யாது. தண்ணீர் உறிஞ்சாத ரப்பர் நுரைத் தாளை அளவுக்கு வெட்டி, ஒட்டாமல் பரப்பி, மேலே கனமான ரப்பர் பாய் போட்டேன். வெப்பம் தணிந்தது. சத்தம் ஓரளவுதான் குறைந்தது. எனக்கு அது போதும். அமைதியான பயணத்தை விரும்பும் வீட்டுப் பெரியவர்கள் அன்றாடம் ஏறும் சிறிய காருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வயல், கடற்கரை, மீன்சந்தை என்று போகும் வண்டிக்கும், தண்ணீர் தேங்கும் தெருவில் நிற்கும் வண்டிக்கும் தயங்காமல் செய்யலாம்.

குழாயை உள்ளே விட்டுக் கழுவலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கூடாது. ஒயர் இணைப்புகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. ஈரத் துணியால் துடைத்தாலே சேறு போய்விடுகிறது. பெரிய மழைக்குப் பிறகு பாயை மடித்துப் பார்க்கிறேன். பார்க்க இப்போது ஒரு நிமிடம் கூட ஆவதில்லை. ஜாக்கியை இழுத்ததில் பின்பக்கம் ஒரு கீறல் விழுந்தது. அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, மிச்சமிருந்ததில் சிறிது கலந்து தடவினேன். அதற்காகவே கலக்காத பூச்சில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். ஹார்ட்னர் டப்பாவின் மூடியை மட்டும் காற்று புகாமல் இறுக்கி மூடுங்கள், காற்றிலுள்ள ஈரம் பட்டாலே அது கெட்டுப்போகும்.