அலைவரிசை இருக்கும், ஊர்க்குரல் இருக்காது

ஒரு சிறிய வானொலி நிலையத்தின் மின் கட்டணத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். அலாஸ்காவின் பெத்தல் நகரிலிருந்து 640 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் கே.ஒய்.யு.கே. நிலையத்தின் சக்தி 10 கிலோவாட். இன்றைய டிரான்ஸ்மிட்டர்கள் நல்ல திறனோடு ஓடினாலும், இந்த அளவுக்கு மின் இணைப்பிலிருந்து குறைந்தது 12 கிலோவாட் உறிஞ்சும். நாளெல்லாம் ஓடினால் மாதத்துக்கு 8,640 யூனிட். டீசலில் மின்சாரம் எடுக்கும் ஊர் அது. யூனிட் 50 சென்ட் என்று வைத்தாலும் மாதம் 4,320 டாலர், ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல். ஒரு பேட்டி எடுக்கவில்லை, ஒரு செய்தி வாசிக்கவில்லை; காற்றில் அலையை நிறுத்திவைக்க மட்டும் இவ்வளவு.

இதே டிரான்ஸ்மிட்டரை அறுபது லட்சம் பேர் வாழும் நகரத்தில் வைத்தாலும் அதே யூனிட்தான் ஓடும். பெத்தலில் வாழ்வது சுமார் 6,000 பேர். வானொலியின் செலவு நிலத்தின் பரப்பைப் பார்த்து வருகிறது. நேயர் நன்கொடை தலைகளை எண்ணி வருகிறது. இடையில் விழும் பள்ளத்தைத்தான் அமெரிக்காவில் 58 ஆண்டுகளாக மத்திய அரசின் பணம் நிரப்பிவந்தது. 2025 அக்டோபர் 1 முதல் அது நின்றது.

பணம் வந்த வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பொது வானொலி நம் ஆகாசவாணி போல ஒரே நிறுவனம் அல்ல. ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி உரிமம். உரிமம் வைத்திருப்பது ஒரு கல்லூரியாகவோ, பழங்குடி அமைப்பாகவோ, ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளையாகவோ இருக்கும். லிண்டன் ஜான்சன் 1967இல் கையெழுத்திட்ட பொது ஒலிபரப்புச் சட்டம், பொது ஒலிபரப்புக் கழகம் (சிபிபி) என்ற இடைநிலை அமைப்பை உருவாக்கியது. அரசு நேரடியாக நிலையத்துக்குப் பணம் கொடுத்தால் செய்தியிலும் கை வைக்கும் என்பதால் நடுவில் எழுப்பிய சுவர் அது. நிலையங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்குமான தொகையில் முக்கால் பங்கு தொலைக்காட்சிக்கு, கால் பங்கு வானொலிக்கு. வானொலியின் பங்கில் 70 சதவீதத்தை நிலையங்கள் விரும்பியபடி செலவழிக்க முடிந்தது. 23 சதவீதம் தேசிய நிகழ்ச்சிகளை வாங்க என்று கட்டிப்போட்ட பணம். மிச்சம் 7 தேசியத் தயாரிப்புக்கு. அந்த எழுபதுதான் உயிராக இருந்தது. டீசல், சம்பளம், கூரை ஒழுகல் எல்லாம் அதில்தான். மற்ற அறக்கட்டளைகள் புதிய திட்டத்துக்குப் பணம் தரும், மின் கட்டணத்துக்குத் தராது.

அரசியல் தலையீட்டைத் தள்ளிவைக்க நாடாளுமன்றம் இந்தத் தொகையை இரண்டு ஆண்டுகள் முன்கூட்டியே ஒதுக்குவது வழக்கமாக இருந்தது. 2025 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது அப்படி ஏற்கெனவே ஒதுக்கிய பணம்: 2026, 2027 நிதியாண்டுகளுக்கான 110 கோடி டாலர். செனட்டில் 51–48, கீழவையில் 216–213. ஜூலை 24 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார். பல நிலையங்களின் நிதியாண்டு ஜூலை 1 தொடங்கும். அதாவது, நிர்வாகக் குழு பட்ஜெட்டை நிறைவேற்றி மூன்று வாரம் ஆனபின் அதன் வரவுப் பக்கத்தில் பெரிய வரி ஒன்று அழிந்தது. முன்கூட்டிய ஒதுக்கீட்டை நம்பி வாடகை ஒப்பந்தமும் வேலை ஒப்பந்தமும் போட்டவர்களுக்கு இது வெறும் குறைப்பு அல்ல, கணக்கின் அடித்தளமே நகர்ந்த மாதிரி.

விவாதத்தில் அதிகம் அடிபட்ட எண்கள் சராசரிகள். தேசிய நிகழ்ச்சிகளைத் தயாரித்து நிலையங்களுக்குத் தரும் என்பிஆர் என்ற நிறுவனத்துக்கு நேரடியாக வந்தது அதன் வருமானத்தில் சுமார் 1 சதவீதம். உறுப்பு நிலையங்களுக்குச் சராசரியாகப் பத்து சதவீத அளவு. கேட்டால் ‘சமாளித்துக்கொள்ளலாமே’ என்றுதான் தோன்றும். ஆனால் கே.ஒய்.யு.கே.வுக்கு அது ஏறத்தாழ 70 சதவீதம். மேற்கு வர்ஜீனியாவும் வர்ஜீனியாவும் சேரும் மலைப்பகுதியில் மூன்று மாவட்டங்களுக்கு ஒலிபரப்பும் அலெகனி மவுண்டன் ரேடியோவுக்குப் பாதிக்கு மேல். இந்த இரண்டாவது நிலையத்தின் சூழல் விசித்திரமானது. கிரீன் பேங்க் வானியல் தொலைநோக்கிக்காக 1958இல் சுமார் 13,000 சதுர மைலைத் தேசிய ரேடியோ அமைதி மண்டலமாக அறிவித்தார்கள். தொலைநோக்கியை ஒட்டிய ஊர்களில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. ‘இப்போது யார் ரேடியோ கேட்கிறார்கள், எல்லாம் போனில் வருகிறதே’ என்ற வாதம் அங்கே எடுபடாது. அரசுத் தரப்பு வாதம் செய்தது என்பிஆரின் செய்திச் சாய்வைப் பற்றி. அடி விழுந்தது என்பிஆருக்கு அல்ல. எனக்கு இதில் பெரிய வியப்பு கிடையாது. மானியத்தை வெட்டும்போது கத்தி எப்போதும் மெல்லிய இடத்தில்தான் இறங்கும்.

பணம் நின்ற மறுநாள் எந்த நிலையமும் மௌனமாகாது. ஆகவும் விடமாட்டார்கள், அதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. ஒலிபரப்பு நின்றால், உரிமங்களை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்சிசிக்குப் பத்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். முப்பது நாளைத் தாண்டினால் தனி அனுமதி வாங்க வேண்டும். தொடர்ந்து 12 மாதம் மௌனமாக இருந்தால் உரிமம் தானாகவே காலாவதியாகும். இழந்த அலைவரிசையைத் திரும்பப் பிடிப்பது மிகக் கடினம். சக்தியைக் குறைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாமே என்றால், அனுமதித்த சக்தியில் 90 முதல் 105 சதவீதத்துக்குள் ஓட்ட வேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே நெடுநாள் ஓட்ட அதற்கும் ஒரு மனு. ஏஎம் நிலையங்களுக்கு மட்டும் ஒரு சிறு சலுகை: ஒலியைச் சுமந்து செல்லும் கேரியர் அலையை, ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் தாழ்த்தும் நுட்பத்துக்கு அனுமதி உண்டு. பழைய டிரான்ஸ்மிட்டரில் அதற்கான மின்சுற்றுப் பலகை இருக்காது, தனியே வாங்க வேண்டும்.

ஆகவே கேரியர் அலை ஓடிக்கொண்டே இருக்கும். வெட்டு விழுவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில், முதலில் ஒப்பந்தப் பொறியாளர் மேல். சிறிய நிலையத்தில் முழுநேரப் பொறியாளர் இருக்கமாட்டார். நாலைந்து நிலையங்களுக்கு ஒருவர் சுற்றி வருவார். ‘எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, காலாண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும்’ என்று குழு முடிவெடுக்கும். அவர் வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தார் என்பது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் செய்தது பழுது வராமல் பார்த்துக்கொண்டது.

எஃப்எம் கோபுரத்தில் ஏறும் தடித்த கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே காற்றிடைவெளி உள்ள கேபிளாக இருந்தால் உலர்ந்த காற்றோ நைட்ரஜனோ சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டு அழுத்தத்தில் நிரப்பி வைப்பார்கள். எங்கேயாவது ரப்பர் வளையம் கெட்டால் அழுத்தம் மெல்ல இறங்கும். உலர்த்தி இயந்திரம் அடிக்கடி ஓட ஆரம்பிக்கும். மானியைப் பார்க்கிற ஆள் இருந்தால் ஒரே நாளில் கண்டுபிடிப்பார். இல்லாவிட்டால் ஈரம் உள்ளே போகும், இணைப்பில் பொறி பறக்கும், நடுக்கம்பியை இணைக்கும் செம்புத் துண்டு கருகும். ஆன்டெனாவுக்குப் போக வேண்டிய சக்தி திரும்பி வரும். டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே சக்தியைக் குறைக்கும். நேயருக்குத் தெரிவது: மலைக்கு அந்தப்புறம் ‘கொஞ்ச நாளாகச் சரியாக எடுக்கவில்லை’. ஒரு வளையம் மாற்றியிருக்க வேண்டிய இடத்தில் கேபிளின் ஒரு பகுதியையே மாற்ற வேண்டும். கோபுரம் ஏறும் குழுவுக்குப் பல ஆயிரம் டாலர், அலாஸ்காவென்றால் விமானச் செலவும் பனி உருகும்வரை காத்திருப்பும் சேரும்.

காற்று வடிகட்டி இன்னும் அற்பமான பொருள். அது அடைத்தால் மின்விசிறி இழுக்கும் காற்று குறையும், பெருக்கி மாட்யூல் சூடாகும், ஒன்று போகும். மீதி மாட்யூல்கள் தாங்குவதால் நிலையம் ஓடும், சக்தி மட்டும் குறையும். இரண்டாவது போகும்போதுதான் யாராவது பார்ப்பார்கள்.

ஜெனரேட்டர்தான் எல்லாவற்றிலும் மோசம். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் வெறுமனே ஓட்டி, ‘ஸ்டார்ட் ஆகிறது’ என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார்கள். சுமையில்லாமல் ஓடும் டீசல் இயந்திரத்தில் எரிபொருள் முழுதாக எரியாது; புகைபோக்கியில் எண்ணெய்ப் பிசின் படியும். நிஜமான டிரான்ஸ்மிட்டர் சுமையைக் கொடுத்து அரைமணி நேரமாவது ஓட்டினால்தான் அது சோதனை. கடுங்குளிரில் சாதாரண டீசல் மெழுகாக உறையும், குளிர்கால டீசல் வேண்டும். மின்கலத்துக்கு மூன்று நான்கு வருடம்தான் ஆயுள். மூன்று நாள் தாங்க எவ்வளவு எண்ணெய் வேண்டும்? மணிக்கு 6 லிட்டர் குடிக்கும் இயந்திரமென்றால் 72 மணி நேரத்துக்கு 432 லிட்டர். தொட்டியில் அவ்வளவு இருக்கிறதா என்பது புயல் நாளன்று கேட்கிற கேள்வியல்ல.

பொறியாளருக்கு அடுத்தது செய்தியாளர். இங்கே ஒரு முரண் இருக்கிறது. தேசிய நிகழ்ச்சி ஒரு மணி நேரத்துக்கு வரும் செலவு குறைவு. ஊர்ச் செய்தி ஐந்து நிமிடத்துக்கு ஒருவரின் பாதி நாள் போகும். கணக்குப் பிள்ளையின் பார்வையில் எதை வெட்டுவது என்பது வெளிப்படை. 2017இல் எஃப்சிசி, உரிமம் பெற்ற ஊரின் அருகில் ஸ்டூடியோ இருந்தாக வேண்டும் என்ற விதியையும் நீக்கிவிட்டது. எனவே கட்டடத்தைக் காலி செய்து, பெட்டியைப் பூட்டி, முந்நூறு மைல் தள்ளியிருக்கும் பெரிய நிலையத்தின் ஒலியை இணையம் வழியே அனுப்பினாலும் சட்டப்படி நிலையம் உயிரோடுதான் இருக்கும். எத்தனை நிலையங்கள் மூடின என்ற எண்ணிக்கையில் இது வராது. ஊர்க்காரர் ரேடியோவைத் திருகினால் ஒலி வரும், அவருடைய ஆற்றைப் பற்றி மட்டும் ஒன்றும் வராது.

‘எச்சரிக்கை தானியங்கியாக வந்துவிடுமே’ என்பார்கள். ஓரளவு உண்மை. நிலையத்தில் உள்ள அவசர எச்சரிக்கைப் பெட்டி குறைந்தது இரண்டு மூலங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கும். குறியீட்டுச் செய்தி வந்தால் நிகழ்ச்சியை வெட்டி, 853, 960 ஹெர்ட்ஸ் இரட்டை ஒலியோடு செய்தியைப் போடும். வாராவாரம், மாதாமாதம் சோதனை உண்டு. ஆனால் அந்தச் செய்தியின் நீளம் அதிகபட்சம் இரண்டு நிமிடம். சுனாமி வரலாம் என்று பெட்டி சொல்லும். எந்தச் சாலை திறந்திருக்கிறது, பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறதா, அபாயம் நீங்கியதா, குழாய்த் தண்ணீரைக் காய்ச்ச வேண்டுமா என்பதை ஒரு மனிதர் சொல்ல வேண்டும். பெத்தல் பகுதியில் அதை அங்குள்ள பழங்குடியினரின் யூப்பிக் மொழியிலும் சொல்ல வேண்டும், கே.ஒய்.யு.கே. 1971இலிருந்து செய்துவருவது அதைத்தான்.

செனட் இந்த மசோதாவை விவாதித்துக்கொண்டிருந்தபோதே, 2025 ஜூலை 16 அன்று, அலாஸ்காவின் சேண்ட் பாயின்ட் அருகே 7.3 அளவில் நிலநடுக்கம் வந்து சுனாமி எச்சரிக்கை ஒலித்தது. அந்த ஊரின் கே.எஸ்.டி.பி.யும் சிபிபி பணத்தைப் பெரிதும் நம்பியிருந்த நிலையம். அலாஸ்காவின் குடியரசுக் கட்சி செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கி இதைச் சுட்டிக்காட்டினார், எதிர்த்தும் வாக்களித்தார். அக்டோபரில், பணம் நின்று இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், ஹாலோங் சூறாவளியின் எச்சம் மேற்கு அலாஸ்காவைத் தாக்கி கிப்னுக், க்விகிலிங்கோக் ஊர்களில் வீடுகளை அடித்தளத்திலிருந்தே பெயர்த்துக் கொண்டுபோனது. மக்களை விமானத்தில் வெளியேற்ற வேண்டியதாயிற்று. சாலை இல்லாத நிலப்பரப்பில் தகவலை ஊர் ஊராகச் சேர்த்தவர்களில் கே.ஒய்.யு.கே. முக்கியமானது.

விளம்பரம் வாங்கிக்கொள்ளட்டுமே என்று கேட்பது எளிது. இவை வணிகமல்லாத உரிமங்கள். ஆதரவாளரின் பெயரையும் தொழிலையும் சொல்லலாம். விலையைச் சொல்லக்கூடாது, ‘இன்றே வாருங்கள்’ என்று அழைக்கக்கூடாது, மற்றவர் பொருளைவிடச் சிறந்தது என்று ஒப்பிடக்கூடாது. இந்த வரம்பை மீறுகிறார்களா என்று 2025 ஜனவரியில் எஃப்சிசி விசாரணையும் தொடங்கியது. பணத்தை நிறுத்திய காலத்திலேயே மாற்று வழியின் கதவிலும் காவலர். அதோடு, மளிகைக் கடை ஒன்று, பெட்ரோல் பங்க் ஒன்று இருக்கும் ஊரில் எத்தனை ஆதரவாளரைத் தேடுவது?

பேசப்படாத இன்னொன்று கூட்டுப் பேரம். பாடல் ஒலிபரப்ப ஆஸ்காப், பிஎம்ஐ, செசாக், சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் எனப் பல உரிமை அமைப்புகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். எல்லா நிலையங்களுக்கும் சேர்த்து சிபிபிதான் பேசி, கட்டியும் வந்தது. ஒவ்வொரு நிலையமும் தனியே பேசப்போனால் வழக்கறிஞர் செலவே உரிமக் கட்டணத்தைத் தாண்டும். 2022இல் தொடங்கிய எச்சரிக்கைக் கருவி மேம்பாட்டு மானியமும் சிபிபி வழியேதான் வந்தது. முதலில் வாங்கு, பிறகு பணம் பெறு என்ற முறை. டிரான்ஸ்மிட்டருக்குக் கையிலிருந்து பணம் போட்டுவிட்டுத் திரும்ப வரும் தொகைக்குக் காத்திருக்கும் நிலையத்துக்கு, நடுவிலிருக்கும் அலுவலகம் மூடப்படுவது எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. சிபிபி 2025 ஆகஸ்ட் 1 அன்று மூடுவிழாவை அறிவித்தது. 2026 ஜனவரியில் அதன் குழு அமைப்பையே கலைக்க வாக்களித்தது.

இடைக்கால உதவிகள் வந்திருக்கின்றன. நைட், மெக்ஆர்தர், ஃபோர்டு உள்ளிட்ட அறக்கட்டளைகள் ஆகஸ்டில் சுமார் 3.7 கோடி டாலர் அறிவித்தன. தெற்கு டகோட்டா செனட்டர் மைக் ரவுண்ட்ஸ் தன் வாக்குக்கு ஈடாக, பழங்குடி நிலையங்களுக்கு, பழங்குடி விவகாரங்களைக் கவனிக்கும் அமெரிக்க உள்துறை வழியே 94 லட்சம் டாலர் என்ற உறுதியைப் பெற்றார். என்பிஆர் தன் பட்ஜெட்டில் 80 லட்சம் டாலரைக் குறைத்து நிலையங்களின் சுமையைத் தணிக்க முன்வந்தது. ஆண்டுக்கு 53 கோடிக்கு மேல் வந்த இடத்தில் இவை ஒரு குளிர்காலத்தைக் கடக்க உதவும்.

அப்படி வரும் பணத்தைச் சிறிய நிலையம் எதற்கு வைத்துக்கொள்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நேயரைத் திரட்ட நிதி அலுவலரை நியமி என்கிறார்கள் ஆலோசகர்கள். ஆறாயிரம் பேர் உள்ள ஊரில் எவ்வளவு திறமையான அலுவலரும் ஆறாயிரம் பேரைத்தான் கேட்க முடியும். பொறியாளரின் ஒப்பந்தத்தை அண்டை நிலையங்களோடு பகிர்ந்து நீட்டிப்பதும், ஒரு பெருக்கி மாட்யூலும் ஒரு மின்விசிறி மோட்டாரும் உதிரியாக வாங்கி வைப்பதும், காலை நேரத்துக்கு ஊர் ஆள் ஒருவரையாவது மைக் முன்னால் நிறுத்துவதும் முதலில். தேசிய நிகழ்ச்சிகளில் எதை விடுவது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.