இரண்டாவது ஊசியும் இடது கண்ணும்

2021 ஆகஸ்டில் இரண்டாவது கொரோனா ஊசி போட்டேன். ஒன்பதாம் நாள் காலையில் இடது கண் சிவந்திருந்தது. நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறை பக்கம். கேரளா என்றாலும் வீட்டிலும் தெருவிலும் தமிழ்தான். மருந்துக்கடையில் ‘செங்கண்ணு’, அதாவது மெட்ராஸ் ஐ, என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். மூன்று நாள் விட்டும் குறையவில்லை. மெட்ராஸ் ஐ என்றால் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளுமே? இதில் பீளையே இல்லை. உள்ளுக்குள் ஒரு வலி, முற்றத்து வெயிலைப் பார்க்க முடியாத கூச்சம்.

கோவைக்குப் போகலாம் என்றால் அங்கே ஒரு வம்பு. கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைய, இரண்டு ஊசியும் போட்டு 14 நாள் ஆகியிருக்க வேண்டும் என்று அப்போது விதி. இல்லையென்றால் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் பரிசோதனையில் கொரோனா இல்லை என்று வந்திருக்க வேண்டும். எனக்கு அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். மூக்கில் குச்சி விட்டு, ரிசல்ட் வாங்கி, அப்புறம்தான் வேளந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினேன்.

தாடையை ஸ்லிட் லாம்ப் என்ற கண் பார்க்கும் கருவியில் வைக்கச் சொல்லிப் பார்த்த டாக்டரம்மா, “யுவைட்டிஸ்” என்றார். கருவிழிக்குப் பின்னால் உள்ள நீரில் அழற்சி செல்கள் மிதக்கின்றனவாம். ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓடு வழியாக விழும் வெயிலில் தூசி பறக்குமே, அப்படித்தான் தெரியும் என்றார்.

“ஊசியாலயா மேடம்?”

“இருக்கலாம். ஃப்ளூ, ஹெபடைடிஸ் பி ஊசிக்கு அப்புறமும் இப்படி வந்ததாகப் பதிவு உண்டு. ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். முதலில் மற்றதைப் பார்த்துவிடுவோம்.”

காசநோய், சிபிலிஸ், எச்எல்ஏ-பி27 என்ற மரபணுவுக்கான ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார்கள். ஒன்றிலும் எதுவும் இல்லை.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டு, விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை. அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், நன்றாகக் குலுக்கித்தான் விட வேண்டும். கூடவே கண் பாப்பாவை விரிக்க சிவப்பு மூடி போட்ட ஒன்று. அதை விட்டால் பேப்பரில் தலைப்பு தவிர எதுவும் தெரியாது. பத்தே நாளில் சிவப்பு போய்விட்டது. சரி, ஆறிவிட்டது என்று நானாகவே நிறுத்தினேன். ஐந்தாம் நாள் பழையபடி வலி. நல்ல திட்டு வாங்கினேன். ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், நடுநடுவே கண் அழுத்தமும் பார்க்க வேண்டும். முழுசாக முடிய இரண்டு மாதம் ஆனது.

ஊசியின் எதிர்விளைவாக இருக்கலாம் என்று பதியச் சொன்னதும் டாக்டரம்மாதான். ஊசிதான் காரணம் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் இருந்தாலே போதும். ஊசி போட்ட ஆஸ்பத்திரியிலேயே சொல்லலாம். 1800-180-3024 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. நான் எங்கள் பகுதி ஆஷா சுகாதாரப் பணியாளரான சேச்சியிடம் சொன்னேன். ஊசிச் சான்றிதழ், கண் டாக்டர் சீட்டு இரண்டின் நகலையும் வாங்கிக்கொண்டு போனார். எந்தத் தேதியில் ஊசி, எந்தத் தேதியில் சிவப்பு என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நல்லவேளை, காலண்டரில் குறித்து வைத்திருந்தேன்.

2022-இல் மூன்றாவது ஊசிக்குக் கூப்பிட்டபோது கண்ணைக் காட்டிவிட்டுத்தான் போட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் தினமும் பல் தேய்க்கும் முன் கண்ணாடியில் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது.