ஆமைக்கு 12 வோல்ட்: அளக்காமல் போன கதை

அப்பாவின் 1963 வொக்ஸ்வகன் பீட்டிலை 6 வோல்டிலிருந்து 12 வோல்டுக்கு மாற்றி இரண்டு கிழமை ஆகிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஆமை. வேலையில் கையில் பட்ட சூடு ஆறிவிட்டது. கொழும்புக்குப் போய் வந்த எரிச்சல்தான் இன்னும் ஆறவில்லை.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் இரவில் ஓடியவர்களுக்கு ஏன் மாற்றினேன் என்று சொல்லத் தேவையில்லை. யானை றோட்டில் நின்றால் கிட்டப் போன பிறகுதான் கால் தெரியும். ஆமையின் லைற் குப்பி விளக்குக்கு அண்ணன் முறை. 6 வோல்ட் பற்றரி கேட்டாலோ, கடையில் மோட்டார் சைக்கிளுக்குரிய சின்னப் பெட்டியை எடுத்து நீட்டுகிறார்கள்.

பற்றரி, பல்புகள், கொயில், ஹோர்ன், பிளாஷர் எல்லாம் வவுனியாவிலேயே கிடைத்தன. அரை நாள் வேலை. வயரை மாற்றத் தேவையில்லை: 45 வாட் பல்ப் 6 வோல்டில் ஏழரை அம்பியர் இழுக்கும், 12 வோல்டில் அதில் பாதிதான். பழைய தடித்த வயருக்கு அது ஒரு பாரமே இல்லை.

சறுக்கினது பற்றரிக்குச் சார்ஜ் தரும் டைனமோவில். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் பழைய 12 வோல்ட் டைனமோ இருக்கிறது என்றார்கள். இரவு பஸ் ஏறினேன். கடைக்காரர், "பீட்டில்தானே, எல்லாம் ஒண்டுதான்" என்று சொல்லிப் பழைய பேப்பரில் சுற்றித் தந்தார். அந்தக் கனத்தைக் காலுக்குள் வைத்துக்கொண்டு கிளிநொச்சி வந்து சேர்ந்து, கழுவிக் கிரீஸ் போட்டு, எஞ்சினில் டைனமோ உட்காரும் ஸ்ராண்டில் வைத்தால் இருக்க மாட்டேன் என்கிறது. எங்கள் காரின் 6 வோல்ட் டைனமோ 90 மில்லிமீட்டர் விட்டம். நான் சுமந்து வந்தது 105. ஸ்ராண்டும் பொருந்தாது, காற்றாடிக் கூடும் பொருந்தாது. போன் எடுத்தேன். "மின் சாமான் திருப்பி எடுக்கிறேல்ல தம்பி." அவ்வளவுதான்.

கடைசியில் வழி காட்டியது வவுனியாவில் மோட்டர் வைண்டிங் செய்யும் ஒரு அண்ணை. யுத்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி றேடியோ கேட்ட தலைமுறை. 6 வோல்டைப் பற்றி அவருக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. "போக முதல் அளந்து பாத்தனியோ?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. பழைய டைனமோவின் பீல்ட் கொயில்களை அவிழ்த்து, மெல்லிய செப்புக் கம்பியில் சுற்றுக் கூட்டிச் சுற்றித் தந்தார். நடுவில் சுழலும் ஆர்மேச்சரைத் தொடவில்லை. சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்டவுட்டையும் 12 வோல்டுக்குரியதாக எடுத்துப் பின் சீற்றுக்குக் கீழே பூட்டினேன். ஐடிலில் சார்ஜ் வராது. கொஞ்சம் வேகம் பிடித்தால்தான் சிவப்பு லைற் அணையும். பரவாயில்லை.

ஸ்டாட்டரை மாற்றச் சொல்லிப் பலர் வருவார்கள், கேட்காதீர்கள். 6 வோல்ட் எஞ்சினின் பிளைவீலில் 109 பல், பிறகு வந்த 12 வோல்ட் எஞ்சினில் 130. மாற்றினால் பல்லும் பல்லும் சேராது. பழைய ஸ்டாட்டரே 12 வோல்டில் துள்ளிச் சுற்றும், சாவியை இரண்டு செக்கனுக்கு மேல் பிடிக்காமல் இருந்தால் சரி. காபரேற்றரின் வட்ட மூடிக்குள் இருக்கும் சோக் சுருளை மறக்க வேண்டாம், அதற்கும் 12 வோல்ட் வேண்டும். நான் மறந்தது மீற்றருக்குள் இருந்த ஒரு சின்னப் பல்பை. லைற்றைப் போட்டதும் வெள்ளையாக ஒரு மின்னல், பிறகு கண்ணாடிக்குள் கறுப்புப் புகை.

வைப்பர் மோட்டரைப் பழையபடி விட்டு, வோல்டைக் குறைக்க இடையில் ஒரு ரெசிஸ்டர் போட்டேன். அதை முன் டிக்கியில் காட்போட் மட்டைக்குப் பக்கத்தில் கட்டியது என் புத்தி. கனகராயன்குளத்தில் மழை பிடித்தது. ஐந்து நிமிடத்தில் கடதாசி கருகும் மணம். இறங்கிப் பார்த்தால் மட்டையில் பழுப்பாக ஒரு வட்டம். இருபது வாட் அளவு சூடு அந்தச் சின்னச் சாமானில்தான் இறங்குகிறது. இப்போது அதை வெறும் தகட்டில், வயர் எதுவும் தொடாத இடத்தில் பூட்டியிருக்கிறேன்.

போன சனி இரவு ஒட்டுசுட்டான் றோட்டில் ஓடினேன். தூரத்தில் நின்ற மாட்டின் கண் பளிச்சென்று தெரிந்தது. அப்பா முன்சீற்றில் ஒன்றும் பேசவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

அந்த 105 மில்லிமீட்டர் டைனமோ விறாந்தையில் கிடக்கிறது. விற்கத்தான் போகிறேன். வாங்க வருபவர் அளவுநாடாவோடு வரட்டும்.