எஃகு ஆலைகளை ட்ரூமன் திருப்பிக் கொடுத்த நாள்

அமெரிக்க அதிபர் நினைத்தால் எதையும் செய்துவிடலாம், யார் தடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வரும்போதெல்லாம் நான் 1952-இல் நடந்த எஃகு ஆலை வழக்கைத்தான் எடுத்துச் சொல்வேன். போன வாரம் தம்பியோடு போனில் இதே பேச்சு வந்தது, பாதி சொல்வதற்குள் அவனுக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, மீதியை இங்கே எழுதுகிறேன்.

அப்போது கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது, ஹாரி ட்ரூமன் அதிபர். எஃகுத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். கூலியைக் கூட்ட வேண்டுமென்றால் எஃகு விலையை ஏற்ற அரசு அனுமதிக்க வேண்டும் என்றன கம்பெனிகள். அவை கேட்ட அளவுக்கு ஏற்ற அரசு சம்மதிக்கவில்லை. மாதக்கணக்கில் பேசியும் ஒன்றும் ஆகாமல், ஏப்ரல் 9 முதல் வேலைநிறுத்தம் என்று தொழிற்சங்கம் நாள் குறித்தது. எஃகு இல்லாமல் பீரங்கியும் இல்லை, கப்பலும் இல்லை. வேலைநிறுத்தம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது, ஏப்ரல் 8-ஆம் தேதி இரவு, ட்ரூமன் ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டு, நாட்டின் பெரும்பாலான எஃகு ஆலைகளை அரசின் கைக்குக் கொண்டுவரும்படி வணிகத்துறை அமைச்சர் சார்லஸ் சாயருக்கு உத்தரவிட்டார்.

ட்ரூமனை நான் கெட்டவராகப் பார்க்கவில்லை. போர்முனையில் இருக்கும் வீரனுக்குக் குண்டு போய்ச் சேர வேண்டுமே என்ற கவலை அவருக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் வேறு வழி இல்லாமல் இல்லை. 1947-ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டப்படி நீதிமன்றத்துக்குப் போய் வேலைநிறுத்தத்தை 80 நாள் தள்ளிவைத்திருக்கலாம். அந்தச் சட்டத்தை அவரே வீட்டோ செய்திருந்தார், அவருடைய வீட்டோவையும் மீறித்தான் காங்கிரஸ் அதை நிறைவேற்றியது (காங்கிரஸ் என்றதும் நமக்குக் கட்சிதான் ஞாபகம் வரும், அங்கே அது நாடாளுமன்றத்தின் பெயர்). தனக்குப் பிடிக்காத அந்தச் சட்டத்தைத் தொழிலாளர்கள் மீது ஏவ அவருக்கு மனம் வரவில்லை, அதுவும் அவர் கேட்டுக்கொண்டதற்காகவே அவர்கள் ஏற்கெனவே மூன்று மாதத்துக்கு மேல் பொறுத்திருந்தார்கள். இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட நெருக்கடியில் ஆலைகளை அரசே எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அந்தச் சட்டத்தில் சேர்க்கலாமா என்று 1947-இலேயே காங்கிரஸில் பேச்சு வந்து, வேண்டாம் என்று முடிவாகியிருந்தது.

மறுநாளே ட்ரூமன் காங்கிரஸுக்குச் செய்தி அனுப்பினார். நான் இப்படிச் செய்திருக்கிறேன், வேறு வழி சரி என்று பட்டால் நீங்கள் முடிவெடுங்கள் என்பது அதன் சாரம். காங்கிரஸ் எந்தச் சட்டமும் போடவில்லை.

கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. அங்கே அரசு வக்கீல் ஹோம்ஸ் பால்ட்ரிஜ் வாதாடியதை இன்று படித்தாலும் திக்கென்று இருக்கிறது. அதிபரின் அதிகாரத்துக்கு எல்லையே இல்லையா என்று நீதிபதி டேவிட் பைன் கேட்க, இரண்டு எல்லைகள் உண்டு, ஒன்று தேர்தல், மற்றொன்று பதவிநீக்கம் என்றார் அவர். அதாவது இடையில் நீதிமன்றத்துக்கு வேலையே இல்லை! ஏப்ரல் 29-இல் பைன் ஆணை செல்லாது என்றார். ஜூன் 2-ஆம் தேதி, ஆலைகளை எடுத்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், உச்ச நீதிமன்றமும் 6-3 என்ற கணக்கில் அதையே சொன்னது.

அந்த ஒன்பது நீதிபதிகளில் ஒருவர் விடாமல் எல்லாரும் ட்ரூமனுக்கு முன் அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள். ட்ரூமனே நியமித்த நால்வரில் பர்ட்டன், கிளார்க் இருவரும் அவருக்கு எதிராக நின்றார்கள். கிளார்க் அதற்கு முன் ட்ரூமனின் அட்டர்னி ஜெனரலாகவே இருந்தவர்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஹியூகோ பிளாக். சட்டம் போடுவது காங்கிரஸின் வேலை, அதை நிறைவேற்றுவதுதான் அதிபரின் வேலை, போர் என்பதால் அது மாறாது என்று அவர் நேராக முடித்துவிட்டார். எனக்கு அதைவிட, அதே பக்கம் நின்ற நீதிபதி ராபர்ட் ஜாக்சன் தனியாக எழுதியதுதான் பிடிக்கும், வருஷத்துக்கு ஒரு முறையாவது எடுத்துப் படிப்பேன். அதிபர் நிற்கக்கூடிய இடங்களை அதில் அவர் மூன்றாகப் பிரிக்கிறார். காங்கிரஸின் சம்மதத்தோடு அதிபர் செய்தால் அவர் அதிகாரம் உச்சத்தில் இருக்கிறது. காங்கிரஸ் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது அந்தி நேரம், அதிகாரம் யாருடையது என்று திட்டமாகச் சொல்ல முடியாது. காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகச் செய்தால் அதிபரின் அதிகாரம் மிகத் தாழ்ந்துவிடுகிறது, அரசமைப்பு அவருக்கு மட்டுமே என்று கொடுத்தது ஏதாவது இருந்தால்தான் அங்கே நிற்க முடியும். 1947-இலேயே வேண்டாம் என்று காங்கிரஸ் ஒதுக்கிய வழியை எடுத்ததால் ட்ரூமன் இந்த மூன்றாம் இடத்தில் நிற்கிறார் என்றார் ஜாக்சன்.

இதைச் சொன்னவர் யார் என்று பாருங்கள். 1941-இல் ரூஸ்வெல்ட் ஒரு விமானத் தொழிற்சாலையை இதே மாதிரி எடுத்துக்கொண்டபோது, அட்டர்னி ஜெனரலாக அதை நியாயப்படுத்திப் பேசியவரே இந்த ஜாக்சன்தான். அதை அரசு தரப்பு எடுத்துக்காட்ட, ஒரு தரப்பின் வக்கீல் சொன்னதை, அந்த வக்கீல் தானே ஆனாலும், நீதிபதி சட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று எழுதினார். நடுவில் நூரம்பெர்க்குக்குப் போய் நாஜித் தலைவர்கள் மீதான வழக்கை அமெரிக்கா சார்பில் நடத்தியவர் அவர். ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியில் அவசர அதிகாரத்தை 13 ஆண்டுகளில் 250 தடவைக்கு மேல் பயன்படுத்தினார்கள், கடைசியில் ஹிட்லர் அதே வழியில் உரிமைகளை நிறுத்திவைக்கச் செய்தார், பிறகு அவை திரும்பவே இல்லை என்று இந்தத் தீர்ப்பிலும் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்துக்கு வரும்போதெல்லாம் நான் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படிப்பேன்.

தீர்ப்பு வந்த அன்றே ஆலைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் ட்ரூமன். படை, போலீஸ், கஜானா எல்லாம் அவர் பக்கம், நீதிமன்றத்திடம் இருந்தது காகிதம்தான். தீர்ப்பு தவறு என்று கடைசிவரை நினைத்தவர், ஆனாலும் கொடுத்தார்.

ஜூன் 10-இல் காங்கிரஸ் முன் நேரில் போய், ஆலைகளை எடுக்க அதிகாரம் தாருங்கள் என்று கேட்டார். தரவில்லை. டாஃப்ட்-ஹார்ட்லியைப் பயன்படுத்துங்கள் என்றார்கள், அதை அவர் செய்யவில்லை. ஆலைகளைத் திருப்பிக் கொடுத்ததும் தொடங்கிய வேலைநிறுத்தம் 53 நாள் நீண்டு ஜூலை கடைசியில்தான் முடிந்தது. அவ்வளவு நாள் கூலி இல்லாமல் இருந்த குடும்பங்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜாக்சனின் மூன்று இடங்களை நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துப் பேசுகின்றன, எப்போதும் அதிபருக்கு எதிராகத்தான் என்றில்லை. ஜெருசலேமில் பிறந்த அமெரிக்கர் கேட்டால் அவர் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் இஸ்ரேல் என்று போட வேண்டும் என்று 2002-இல் காங்கிரஸ் சட்டம் போட்டது. புஷ், ஒபாமா இரண்டு பேரின் அரசுகளும் அப்படிப் போடவில்லை. 2015-இல் உச்ச நீதிமன்றம் இதை அந்த மூன்றாம் இடத்தில் வைத்தே பார்த்து, எந்த நிலம் எந்த நாட்டுக்கு உரியது என்று அங்கீகரிப்பது அதிபர் ஒருவரின் வேலை, அதில் காங்கிரஸ் கை வைக்க முடியாது என்று சட்டத்தின் அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டது.