அரைப்பேர் கணக்கு

2024 ஜூலை 2, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கம் தண்ணீரும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. அம்மா படங்கைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். நான் லெப்டொப்பைத் திறந்தேன்.

என் ஆய்வு சின்ன விஷயம்தான். ஒரு தேயிலைத் தோட்டத்தின் 2023ஆம் ஆண்டுச் செக்ரோலையும் (யார் எந்த நாள் என்ன வேலை செய்தார் என்ற பதிவேடு) மழைப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து, மழை எப்படிப் பெய்தால் கொழுந்து எப்படி வருகிறது என்று பார்ப்பது. கேட்டு அனுமதி வாங்கியாயிற்று. ஆட்களின் பெயர் கிடையாது, நம்பர் மட்டும். ஜனவரி முதல் ஜூன் வரை தம்பி எக்செலில் ஏற்றினான், மிச்சத்தை நான். கணக்குப் பார்க்க ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழி.

இன்று முழுக்கப் போனது ஒரு பொதியை, அதாவது ஆருக்கான துணை நிரல் ஒன்றை, இறக்குவதில். எக்செல் கோப்பைத் திறக்க ரீட்எக்ஸ்எல் வேண்டும். பாதி இறங்கும், நிற்கும், சிவப்பில் நாலு வரி வரும். கூடப் படித்தவளைக் கேட்டேன். "ஆர் பழுதாகியிருக்கும், அழித்துவிட்டு மறுபடி போடு" என்றாள். போட்டேன். டேட்டா தீர்ந்ததுதான் மிச்சம். சாயங்காலம்தான் அந்தச் சிவப்பு வரிகளை ஒழுங்காக வாசித்தேன். 60 விநாடிக்குள் இறங்காவிட்டால் ஆர் கைவிட்டுவிடுமாம். அது அதன் வழக்கம், பழுது இல்லை. எங்கள் லயத்தில் 60 விநாடியில் ஒரு படம்கூட இறங்காது. ஆப்ஷன்ஸில் டைம்அவுட்டை 600 ஆக்கி, குடையோடு கோவில் மேட்டுக்குப் போய் நின்றேன். இறங்கிவிட்டது.

2024 ஜூலை 3, புதன்

இன்றைக்குச் சில்லறைத் தொல்லைகள்தான். கோப்பு இருக்கும் இடத்தை விண்டோஸில் இருந்து அப்படியே நகல் எடுத்து ஒட்டினால் ஆர் கோபித்துக்கொள்கிறது. பின்சாய்வுக் கோட்டுக்கு அதனிடம் வேறு அர்த்தம். முன்சாய்வாக மாற்றினால் சரி. அப்புறம், என்ன அடித்தாலும் பதில் வராமல் கூட்டல் குறி மட்டும் வந்துகொண்டே இருந்தது. எங்கேயோ ஓர் அடைப்புக்குறியை மூடவில்லை. எஸ்கேப் அடித்து வெளியே வந்தேன். இவற்றை எழுதிவைக்கக் காரணம், அடுத்த மாதம் நானே மறந்துபோவேன்.

2024 ஜூலை 5, வெள்ளி

ஒவ்வொருவருக்கும் மாதத்தில் எத்தனை பேர் விழுந்தது என்று கூட்டினேன். தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வரி: ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர், ஞாயிறு வேலைக்கு ஒன்றரைப் பேர்.

ஓர் அம்மாவுக்கு ஓகஸ்ட் மாதத்தில் 45,345 பேர் விழுந்திருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "பழைய ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்குப் போட்டாலே நாலரைக் கோடி வருது புள்ள, அத மொதல்ல வாங்கிக் குடு" என்றார். 124 வருஷம் ஒரு நாள் விடாமல் வேலை செய்தால்தான் அத்தனை பேர் விழும்.

வரி வரியாகப் பார்த்ததில் 22 முழுப்பேர் சரியாக இருந்தது. ஒரே ஒரு கட்டத்தில் 45,323. செக்ரோலில் அதே இடத்தில் அரைப்பேர். செக்ரோலில் இருந்தபடியே ஒன்றின் கீழ் இரண்டு என்று சாய்கோடு போட்டு அடித்திருக்கிறேன். எக்செல் அதைப் பெப்ரவரி 1 என்று எடுத்துக்கொண்டது. அதுவும் இந்த வருஷத்துப் பெப்ரவரி. எக்செலுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டு வருகிற ஓர் எண்தான். 2024 பெப்ரவரி 1க்கு அது 45,323.

தம்பியின் மாதங்களில் அதே அரைப்பேர் 45,293 ஆக இருந்தது. முப்பது குறைவு. கொஞ்ச நேரம் குழம்பினேன். அவன் லெப்டொப்பில் அமெரிக்க முறை, மாதம் முன்னால், நாள் பின்னால். அவனுடைய அரைப்பேர் ஜனவரி 2 ஆகிவிட்டது! ஆனால் ஒன்றரைப் பேர் எல்லாம் ஒழுங்காக 1.5 என்றே இருக்கிறது. ஒன்று, இடைவெளி, பிறகு அரை என்று அடித்தால் எக்செல் அதைப் பின்னம் என்று புரிந்துகொள்ளுமாம். முழுசாக ஒன்று கூட இருந்தால்தான் அரைக்கு மதிப்பு.

ஆர் இதைச் சொல்லாமல் இல்லை. கோப்பைத் திறந்தபோதே "ஐம்பதுக்கு மேல் எச்சரிக்கைகள்" என்று ஒரு வரி வந்தது. அது பிழை இல்லையே, வெறும் எச்சரிக்கைதானே என்று தாண்டிப் போனேன். இப்போது வார்னிங்ஸ் என்று அடித்துப் பார்த்தால், எண் இருக்க வேண்டிய இடத்தில் தேதி இருக்கிறது என்று கட்டம் கட்டமாகச் சொல்லியிருக்கிறது. செக்ரோலோடு ஒப்பிட்டு எல்லாவற்றையும் 0.5 ஆக மாற்றினேன். ராத்திரி பத்தாகிவிட்டது.

ஒரு உபகதை. 1900 லீப் வருஷம் இல்லை. ஆனால் எக்செலின் நாட்காட்டியில் அந்த வருஷத்துக்குப் பெப்ரவரி 29 உண்டு. அதற்கு முந்திய லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் நிரல் செய்த தவறை, பழைய கோப்புகள் கெட்டுவிடக் கூடாது என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதனால் எக்செல் எண்ணை ஆரில் தேதியாக்கும்போது தொடக்க நாளை 1899 டிசம்பர் 30 என்று கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆரின் 1.0.0 பதிப்பு வெளிவந்த நாளோ 2000 பெப்ரவரி 29. உண்மையாகவே இருந்த ஒரு பெப்ரவரி 29.

2024 ஜூலை 8, திங்கள்

செக்ரோலில் வேலை என்று ஒரு பத்தி உண்டு: கொழுந்து, கவ்வாத்து, புல்வெட்டு, இப்படி. கொழுந்து வரிகளை மட்டும் பிரித்தேன். ஜூலை முதல் டிசம்பர் வரை வந்தது. தம்பியின் ஆறு மாதமும் போன இடம் தெரியவில்லை.

அவன் கோப்பைத் திறந்தால் கண்ணெதிரே கொழுந்து, கொழுந்து என்றுதான் இருக்கிறது. பின்னால் இடைவெளி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இரண்டும் ஒன்றா என்று ஆரைக் கேட்டால் இல்லை என்கிறது. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. எழுத்துகளை எண்ணச் சொன்னேன். என்னுடைய கொழுந்துக்கு எட்டு, அவனுடையதற்கு ஒன்பது.

நமக்கு அது நாலு எழுத்து. கொம்பியூட்டருக்கு மெய்யும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி. நான் அடித்த 'கொ'வில் ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று, மொத்தம் இரண்டு. அவனுடையதில் ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று. யூனிகோடின்படி இரண்டும் சரி, இரண்டும் ஒன்றே. ஆனால் ஆர் ஒப்பிடும்போது குறியீடுகளைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

தம்பியைக் கேட்டேன். "எனக்குப் பாமினிதான் வரும்கா. பாமினியில அடிச்சு, ஒரு கன்வேர்ட்டர்ல போட்டு எடுத்தேன்." பாமினி யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு. அதை யூனிகோடாக்கிய அந்த மாற்றி செய்த வேலை. ஸ்ட்ரிங்ஐ என்ற பொதியில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு கட்டளை இருக்கிறது, என்எஃப்சி என்பார்கள். ஒரு வரி, முடிந்தது. தமிழில் தரவு வைத்திருக்கும் யாரும் கோப்பைத் திறந்த கையோடு இதைச் செய்துவிடுவது நல்லது. ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் இதைத் தேடிக் களைத்துப்போனேன். அவர்களுக்குக் கொம்பும் இல்லை, காலும் இல்லை.

2024 ஜூலை 9, செவ்வாய்

மழைப் புத்தகம். மாதச் சராசரியைக் கேட்டால் எல்லா மாதத்துக்கும் என்.ஏ என்று வருகிறது. என்.ஏ என்றால் ஆர் மொழியில் 'மதிப்பு இல்லை'. ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சராசரியைச் சொல்ல மாட்டேன் என்கிறது. நியாயம்தான். இதற்கு எல்லோரும் சொல்கிற வைத்தியம் காலிகளை நீக்கிவிட்டுக் கணக்குப் போடு என்பது, என்ஏ.ஆர்எம் என்று ஒரு சொல். போட்டேன், எண்கள் வந்தன. ஜனவரிச் சராசரி ஜூன் சராசரிக்குப் பக்கத்தில் நின்றது. ஹட்டன் பக்கம் ஜனவரியில் அப்படி மழையா? தென்மேற்குப் பருவம் இங்கே மே முதல் செப்டம்பர் வரைக்கும்தானே.

மாமா கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். புத்தகத்தின் படங்களை அவரிடம் காட்டினேன். "வெறுமனே விட்டிருந்தா மழை இல்லைன்னு அர்த்தம் புள்ள. அளக்காத நாளுக்குக் கோடு போட்டிருப்பாங்க, பாரு." நாங்கள் ஏற்றும்போது கோட்டையும் காலியாக விட்டிருந்தோம். ஆக, மழை இல்லாத நாட்களை எல்லாம் கணக்கிலிருந்து தூக்கிவிட்டு, பெய்த நாட்களுக்கு மட்டும் சராசரி போட்டிருக்கிறேன். ஜனவரியில் எப்போதாவது ஒரு நாள் நன்றாகப் பெய்திருந்தால் அதுவே மாதச் சராசரியாகிவிடும்.

மழை இல்லாத நாளுக்குச் சுழியம், கோடு போட்ட நாளுக்கு மட்டும் என்.ஏ. 365 நாளையும் புத்தகத்தோடு திரும்ப ஒப்பிட்டோம். மாமா வாசித்தார், நான் அடித்தேன். நடுவில் இரண்டு தடவை பிளேன்டீ. அளக்காத நாளின் மழை அடுத்த நாள் அளவோடு சேர்ந்துதான் வரும் என்றும் சொன்னார். அதனால் தினக்கணக்கை விட்டுவிட்டுக் கிழமைக் கணக்காக, அதாவது வாரக் கணக்காகப் பார்ப்பது என்று முடிவு.

2024 ஜூலை 11, வியாழன்

தேயிலை ரகத்துக்கும் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பு. தோட்டத்தில் இருப்பவை தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள்: டி.ஆர்.ஐ. 2023, 2025, 2026. பார்த்தால் வருஷம் மாதிரி இருக்கும், ஆனால் அவை ரகத்தின் பெயர்கள். ஆருக்கு அது தெரியுமா? சராசரி ரகம் 2024.6 என்றது. ரகம் ஒன்று கூடினால் கொழுந்து இவ்வளவு கூடும் என்று ஒரு கோட்டையும் போட்டுக் காட்டியது. பிழைச்செய்தி இல்லை, எச்சரிக்கைகூட இல்லை. ஃபக்டர் என்று சொல்லி, இவை எண் இல்லை, வகை என்று புரியவைத்தேன்.

பிறகு வேறொரு தேவைக்காக அதைத் திரும்ப எண்ணாக்கப் போய் இன்னொரு குழியில் விழுந்தேன். 2023, 2025, 2026 திரும்பி வரவில்லை, 1, 2, 3 வந்தது. ஃபக்டருக்குள் ஆர் வைத்திருப்பது வரிசை எண்தான். முதலில் எழுத்தாக்கி, அப்புறம் எண்ணாக்க வேண்டும். இது பழைய, பலரும் விழுந்து எழும்பிய குழி. 2020இல் வந்த 4.0.0 பதிப்புக்கு முன்னர் கோப்பைத் திறக்கும்போதே எழுத்துப் பத்திகள் எல்லாம் தானாக ஃபக்டர் ஆகிவிடும். அந்தக் காலத்தில் ஆர் படித்த எங்கள் விரிவுரையாளர்கள் இன்னும் அந்தப் பயத்தோடுதான் பேசுவார்கள்.

சுத்தம் செய்த எல்லாவற்றையும் ஒரே சிஎஸ்வி கோப்பாக, காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தேன். இனி எக்செல் வேண்டாம்.

2024 ஜூலை 14, ஞாயிறு

அம்மாவுக்கு வேலை இல்லை. அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு. கணக்கு கணக்காக, அதாவது பிரிவு பிரிவாக, கிழமைக்குச் சராசரி எத்தனை கிலோ என்று படம் போட்டிருந்தேன். அழகாக இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது மேக்கணக்கு, இது கீழ்க்கணக்கு. புதுமலை எங்க?"

"அது இதுக்குள்ளதாம்மா இருக்கும்."

"எதுக்குள்ள? நாங்க வருசம் பூரா புதுமலையிலதான் எடுத்தோம். அங்கதான் கொழுந்தே."

படத்தில் இரண்டு தூண்கள்தான் இருந்தன. மூன்று நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரிகளை எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை. பிரிவு வாரியாக எண்ணச் சொன்னால் இரண்டு பிரிவுதான் சொல்கிறது. இல்லாதவற்றையும் சேர்த்து எண்ணு என்று யூஸ்என்ஏ போட்ட பிறகுதான் மூன்றாவதாக ஒரு பெருங்கூட்டம் என்.ஏ என்று வந்து நின்றது. செக்ரோலை எடுத்துப் பார்த்தேன். மேக்கணக்குக்கு யூ.டி, கீழ்க்கணக்குக்கு எல்.டி, புதுமலைக்கு நியூ ஏரியா, சுருக்கமாக என்.ஏ.

ரீட்எக்ஸ்எல் அதைத் தொடவில்லை, எழுத்தாகவே வைத்திருந்தது. சிஎஸ்வியாக்கித் திரும்பத் திறந்தபோதுதான் ஆர் அதை 'மதிப்பு இல்லை' என்று வாசித்தது. மேற்கோள் குறிக்குள் இருந்தாலும் விடவில்லை. பிறகு பிரிவு வாரியாகச் சராசரி போடும் அக்ரிகேட் கட்டளை, மதிப்பு இல்லாத வரிகளைக் கேட்காமல் கொள்ளாமல் ஒதுக்கிவிட்டது. அதன் வழக்கமே அதுதான். ஆக, சுத்தம் செய்கிறேன் என்று நான் செய்த வேலைதான் தோட்டத்தில் கூடுதலாகக் கொழுந்து வருகிற மலையை இல்லாமல் ஆக்கியிருக்கிறது. 45,345 பேர் விழுந்தபோது சிரித்தோம், அரை மணி நேரத்தில் பிடித்தோம். இதை அம்மா பார்த்திருக்காவிட்டால் இந்தப் படம் இப்படியே ஆய்வுக்குள் போயிருக்கும். நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

"கெழங்கு ஆறுது, வா" என்றார் அம்மா.

2024 ஜூலை 15, திங்கள்

கோப்பைத் திறக்கும் வரியில், காலியாக இருப்பது மட்டுமே 'மதிப்பு இல்லை' என்று என்ஏ.ஸ்ட்ரிங்ஸில் கொடுத்தேன். புதுமலை வந்துவிட்டது. பெயரையும் மாற்றிவிட்டேன், என்.ஏவுக்குப் பதில் புதுமலை என்றே. இனி ஒவ்வொரு கட்டளைக்கு முன்னும் பின்னும் எத்தனை வரி, எத்தனை பிரிவு என்று எண்ணிப் பார்க்கிறேன். பெரட்டுக்களத்தில் காலையில் ஆள் எண்ணுவது மாதிரி.

சாயங்காலம் அம்மா நனைந்து வந்ததும் புதுப் படத்தைக் காட்டினேன். மூன்று தூண்கள், நடுவில் புதுமலை உயரமாக. தலையைத் துவட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மடுவத்துல நிறுக்கும்போது தண்ணிக்குன்னு கழிக்கிற கிலோவும் இதுல இருக்கா?"

செக்ரோலின் படங்களை ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை திரும்பப் புரட்டினேன். கழித்த பிறகு எழுதிய எடை மட்டும்தான் இருக்கிறது. கழிவுக்கு ஒரு பத்தி எந்த மாதத்திலும் இல்லை.