பெரிய கேமைக் கழற்றிய கதை

என் பழைய காரின் எஞ்சினில் நான் மாட்டிய முதல் பெர்ஃபார்மன்ஸ் கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறந்து மூடும் மேடுகள் கொண்ட தண்டு; சுருக்கமாகக் கேம்) அதன் சத்தத்துக்காகத்தான் தேர்ந்தெடுத்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எஞ்சின் 1973-ஆம் ஆண்டின் செவர்லே 350, அதாவது 5.7 லிட்டர் வி8. காம்பிரஷன் ரேஷியோ, அதாவது சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, 8.5; மூன்று கியர் ஆட்டோமேட்டிக்; பின் அச்சின் பல்விகிதம் 3.08. இவற்றை ஒரு தாளில் எழுதி எதிரில் வைத்துக்கொண்டிருந்தால், 292 டிகிரி டியூரேஷன் (வால்வ் திறந்திருக்கும் நேரம், கிராங்க் தண்டு சுழலும் டிகிரியில்) உள்ள கேமை வாங்கியிருக்கவே மாட்டேன். ஆனால் வேறொருவருடைய வண்டி ஐடிலிங்கில் தடதடவென்று தள்ளாடி உறுமுவதைக் கேட்ட பிறகு தாளாவது கணக்காவது! விற்றவரும் என் வண்டியைப் பற்றி எதையும் விசாரிக்கவில்லை. "பெரிசா போட்டா பவர் கூடும்" என்றார், தலையாட்டினேன்.

மாட்டி முடித்து வெளியே எடுத்த முதல் நாளே ஒரு சிக்னலில் விஷயம் புரிந்துவிட்டது. வண்டி டிரைவில் நிற்கிறது; ஆர்.பி.எம். முள் 700-க்கும் 900-க்கும் இடையே ஆடுகிறது. எஞ்சின் வண்டியை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பிரேக்கை இரண்டாம் முறை அழுத்தியபோது பெடல் மரக்கட்டைபோல் இறுகி நின்றது. பச்சை விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, யோசித்து, அதன் பிறகுதான் வண்டி நகர்ந்தது. 3,000 ஆர்.பி.எம்.மைத் தாண்டிய பின் பாய்ந்தது என்னவோ உண்மைதான். ஆனால் அதற்குள் அடுத்த சிக்னல் வந்துவிடுகிறது.

இதற்கான காரணத்தைப் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் புரிந்துகொண்டேன். கேமின் எண்களில் தெருவில் ஓடும் வண்டிக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வ் எப்போது மூடுகிறது என்பதே என்பது என் கருத்து. பிஸ்டன் கீழ்முனையைத் தொட்டுவிட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வ் சிறிது நேரம் திறந்தேதான் இருக்கும். அதிக ஆர்.பி.எம்.மில், உள்ளே பாய்ந்துவரும் காற்றுக்கு இருக்கும் உந்துவிசையால், பிஸ்டன் ஏறும்போதும் சிலிண்டர் நிறைந்துகொண்டே இருக்கும். குறைந்த ஆர்.பி.எம்.மில் அந்த உந்துவிசை இல்லை. பிஸ்டன் வந்த காற்றையே, அது வந்த குழாயான மேனிஃபோல்டுக்குள் திருப்பித் தள்ளிவிடும். அமுக்குதல் உண்மையில் தொடங்குவது வால்வ் மூடிய பிறகுதான்.

கணக்கு எளிது. டியூரேஷனில் பாதியோடு இன்டேக் சென்டர்லைனை (பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி எத்தனை டிகிரியில் இன்டேக் வால்வ் முழுதாகத் திறக்கிறது என்பதை) கூட்டி 180-ஐக் கழித்தால், கீழ்முனைக்குப் பின் எத்தனை டிகிரியில் வால்வ் மூடுகிறது என்பது கிடைத்துவிடும். 292 டிகிரி கேமுக்கு, சென்டர்லைன் 106 என்றால், 146 + 106 − 180 = 72. அதே சென்டர்லைனில் 268 டிகிரி கேமுக்கு 60. பார்வைக்குப் பன்னிரண்டு டிகிரிதானே என்று தோன்றும். 350 எஞ்சினின் ஸ்ட்ரோக் 88.4 மி.மீ.; கனெக்டிங் ராடின் நீளம் 144.8 மி.மீ. இவற்றை வைத்துப் பிஸ்டன் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டால், 72 டிகிரியில் வால்வ் மூடும்போது அமுக்குவதற்கு மிஞ்சியிருப்பது சுமார் 64 மி.மீ. மட்டுமே, 60 டிகிரியில் 71 மி.மீ.க்குச் சற்று மேல். ஆகவே காகிதத்தில் 8.5 என்றிருக்கும் என் காம்பிரஷன், பெரிய கேமோடு நடைமுறையில் ஏறத்தாழ 6.4 ஆகச் சுருங்கியிருந்தது; சின்னக் கேமோடு அது 7-ஐத் தாண்டும். சிக்னலில் வண்டி விட்ட பெருமூச்சு இதுதான்.

நான் ஆசைப்பட்ட சத்தத்தின் கதையும் இதையொட்டியதே. எக்ஸாஸ்ட் வால்வ் மூடி முடிவதற்குள் இன்டேக் வால்வ் திறந்துவிடும் அந்த இடைவேளைக்கு ஓவர்லேப் என்று பெயர். இரண்டு டியூரேஷன்களும் 292, லோப் செபரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களின், அதாவது கேம் மேடுகளின், உச்சிகளுக்கு இடையேயான கோணம்) 110 என்றால் ஓவர்லேப் 72 டிகிரி. 268-க்கு அது 48. ஐடிலிங்கில் மேனிஃபோல்டில் வேக்குவம் இருப்பதால், இரண்டு வால்வுகளும் திறந்திருக்கும் நேரத்தில் எரிந்த வாயு பின்னோக்கி இழுக்கப்பட்டுப் புதிய கலவையோடு கலந்துவிடுகிறது. சில சுற்றுகளில் கலவை சரியாகப் பற்றிக்கொள்வதில்லை. நம் காதுக்கு இனிக்கும் அந்தத் தள்ளாட்டம், கண்டிப்பாகச் சொன்னால், ஒழுங்காக எரியாத எஞ்சினின் முனகல். வேக்குவமும் அதோடு விழுகிறது. பழுதில்லாத அசல் எஞ்சினில் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டும் கேஜ், என் எஞ்சினில் டிரைவில் நிற்கும்போது 9-ஐத்தான் காட்டியது. பிரேக்கை மிதிக்க உதவும் பூஸ்டர் அந்த வேக்குவத்தை நம்பியே வாழ்கிறது. பெடல் இறுகாமல் என்ன செய்யும்? கார்புரேட்டரில் இருந்த 6.5 என்று எண்ணிட்ட (அதாவது வேக்குவம் அதற்குக் கீழே விழுந்தால் கூடுதல் பெட்ரோல் விடும்) பவர் வால்வும், முள் இன்னும் கொஞ்சம் சரிந்தபோதெல்லாம் வேண்டாத நேரத்தில் திறந்து பெட்ரோலைக் கொட்டியது.

பெரிய கேமே தவறு என்று நான் சொல்லவரவில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த 302 எஞ்சினோடு 1967 முதல் 1969 வரை வந்த கமாரோ ஸீ/28-ஐப் பாருங்கள். டேப்பட் இடைவெளி (மூடிய வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையே விடுவது) இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டிலும் 0.030 அங்குலம் என்பதால் '30-30' என்று பெயர் பெற்ற முரட்டுக் கேம் அதில் இருந்தது. ஆனால் அந்த எஞ்சினின் காம்பிரஷன் 11. கியர்பாக்ஸ் நான்கு கியர் மேனுவல் மட்டும். பின் அச்சு 3.73. கேமுக்கு ஏற்ப மற்ற எல்லாவற்றையும் அமைத்தார்கள். நானோ மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுக் கேமை மட்டும் மாற்றினேன்.

இரண்டாவது முறை கேட்டலாகைத் திறப்பதற்கு முன், ஒரு வாரம் வண்டியை வழக்கம்போல ஓட்டி, ஆர்.பி.எம். முள் எங்கே நிற்கிறது என்று குறித்துவைத்தேன். 3.08 அச்சோடு, ஓவர்டிரைவ் இல்லாமல், நூறு கிலோமீட்டர் வேகத்தில் 2,500. ஊருக்குள் 1,500-க்கும் 2,200-க்கும் இடையில். 4,500-ஐ அந்த வாரத்தில் இரண்டு முறை தொட்டேன். அதில் ஒன்று, சும்மா தொட்டுப் பார்ப்பதற்காகத் தொட்டது. 2,500-இல் விழித்துக்கொள்ளும் கேம் என் வாழ்க்கையின் பெரும்பகுதியில் தூங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அதிக ஸ்டால் உள்ள, அதாவது எஞ்சின் அதிக ஆர்.பி.எம்.மைத் தொட்ட பிறகே முழுதாகப் பிடிக்கும், டார்க் கன்வெர்ட்டரும் 3.73 அச்சும் போட்டு வண்டியைக் கேமுக்கு ஏற்ப மாற்றியிருக்கலாம். ஆனால் நூறில் 3,000 ஆர்.பி.எம்.மில் அலறிக்கொண்டே நீண்ட பயணம் போக எனக்கு விருப்பமில்லை.

கேட்டலாகைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் டியூரேஷனை எந்தப் புள்ளியிலிருந்து அளந்தார்கள் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஆகையால் இரண்டு நிறுவனங்களின் கேம்களை அந்த எண்ணை வைத்து ஒப்பிடக் கூடாது, கேமின் மேட்டால் தள்ளப்படும் டேப்பட் 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. உயர்ந்த நிலையில் அளந்த எண்ணையே ஒப்பிட வேண்டும். என் பழைய கேம் அந்த அளவில் 244 டிகிரி. புதிதாக எடுத்தது 218. வால்வ் எவ்வளவு உயரம் திறக்கிறது என்னும் லிஃப்டைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருக்கவில்லை. லோப் 0.300 அங்குலம் உயர்ந்தால் 1.5 விகித ராக்கர் நெம்புகோல் அதை வால்வில் 0.450 ஆக்கித் தரும். வால்வ் ஸ்பிரிங் முழுதாக அமுங்கி முட்டிக்கொள்ளாமல் சுமார் 1.5 மி.மீ. மிச்சம் இருந்தால் சரி. புதுக் கேமோடு புது ஸ்பிரிங்குகளும் போட்டுவிடுங்கள், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

வால்வும் பிஸ்டனும் மோதுமா என்பதைக் கணக்கை நம்பி விடாமல் களிமண்ணை வைத்தே பார்த்தேன். குழந்தைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் ஒரு பட்டையாக ஒட்டி, வால்வ் படும் இடத்தில் துளி எண்ணெய் தடவி, ஹெட்டை இறுக்கி, கிராங்கைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத் திறந்தால், வால்வின் விளிம்பு நிலாப்பிறைபோல் பதிந்திருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளந்தேன்: இன்டேக்கில் 4 மி.மீ.க்கு மேல். இன்டேக்குக்கு 2, எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. இருந்தால் போதும்.

அடுத்தது டிகிரி வீல், அதாவது கோணங்கள் குறித்த வட்டத் தகடு. டைமிங் செயினின் புள்ளிகளை நேருக்கு நேர் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று முதல் தடவை நினைத்திருந்தேன். இந்தத் தடவை கிராங்க் முனையில் வட்டத்தை மாட்டி, டேப்பட்டின் மேல் டயல் கேஜை நிறுத்தி அளந்தபோது, கேமோடு வந்த கார்டில் 106 என்றிருந்த சென்டர்லைன் 109 என்று வந்தது. வால்வ் மூன்று டிகிரி தாமதமாக மூடும். நான் எதிலிருந்து தப்பிக்க இந்த வேலையில் இறங்கினேனோ, அதே திசை. பல சாவிப்பள்ளங்கள் உள்ள கிராங்க் ஸ்ப்ராக்கெட்டை நான்கு டிகிரி முன்னே நகர்த்தி மாட்டினேன். 105, வால்வ் மூடுவது 59-இல்.

என்னுடையதைப் போன்ற ஃபிளாட் டேப்பட் (அடியில் உருளை இல்லாத) கேமுக்கு முதல் அரைமணி நேரமே ஆயுள் ரேகை. லோபின் முகம் மிகச் சிறிய சரிவோடும் டேப்பட்டின் அடி மிகச் சிறிய குவிவோடும் இருப்பதால், டேப்பட் சுழன்றுகொண்டே தேய்ந்து தன் லோபோடு படிய வேண்டும். சுழலாவிட்டால் லோப் மொட்டையாகிவிடும். 2004-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். என்னும் எஞ்சின் ஆயில் தரம், 10டபிள்யூ-30 போன்ற கிரேடுகளில் தேய்மானத்தைத் தடுக்கும் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தியது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு நல்லது. நம் பழைய டேப்பட்டுகளுக்கு அல்ல. துத்தநாகமும் பாஸ்பரஸும் போதுமான அளவு உள்ள பிரேக்-இன் ஆயிலை ஊற்றி, லோப்களில் மாலிப்டினம் பசையைத் தடவி, எஞ்சின் பற்றிக்கொண்ட நொடியிலிருந்து ஐடிலிங்குக்கு விடாமல் 2,000-க்கும் 2,500-க்கும் இடையே மாற்றி மாற்றி இருபத்தைந்து நிமிடம் ஓட விட்டேன்.

இப்போது 750-இல் ஐடிலிங் நிற்கிறது. கேஜில் 15 அங்குலம். உறுமல் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, பக்கத்தில் நின்று கேட்டால் தெரியும். காம்பிரஷன் டெஸ்டரில் 125 பி.எஸ்.ஐ. காட்டிய சிலிண்டர்கள் 145-க்கு ஏறியிருக்கின்றன. 5,000-க்கு மேல் மூச்சு அடங்கிவிடுகிறது. நான் அங்கே போவதில்லை.

பழைய 292-ஐ எண்ணெய் தடவிச் செங்குத்தாக நிறுத்திவைத்திருக்கிறேன். எந்த லோபோடு எது படிந்தது என்று மாறிவிடாமல், பதினாறு டேப்பட்டுகளையும் எண்ணிட்டு ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். அதைக் கேட்டு ஒரு நண்பர் இரண்டு முறை அழைத்துவிட்டார். அவருடைய எஞ்சினின் காம்பிரஷன் எவ்வளவு, பின் அச்சின் விகிதம் என்ன என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.